சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு வீடு

1. மாடல் ஓடி முடிந்த காலை

கணேசன் தன் வீட்டைத் திரையில் தேடிக் கண்டுபிடித்தபோது நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மாலை கட்டும் கடை. மோனோரயில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். நான் அங்கே டேட்டா பிரிவின் தலைவி. அதற்கு முன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், எந்த வட்டாரத்துக் கார்கள் அதிகம் மோதும் என்று கணிக்கும் வேலையில் வெகுகாலம் இருந்தேன். கணக்கு முறை ஏறக்குறைய ஒன்றுதான். கார்களுக்குப் பதிலாக மரங்கள் வந்தன.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் கரையிலிருந்து தெற்கே கோல லங்காட் வரை கடலோரம் முழுக்கச் சேற்றில் வளரும் கண்டல் காடு. எங்கள் பக்கத்தில் பாக்காவ் காடு என்பார்கள். வானத்திலிருந்து சாட்டிலைட் எடுத்த படங்கள் வருடக்கணக்கில் கிடைக்கின்றன. ஒவ்வொரு படமும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. இந்தக் கட்டம் கண்டல், இது சேறு, இது தண்ணீர், இது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்போம். பிறகு எல்லா வருடப் படங்களையும் அதுவே படித்து, காடு எங்கே வளர்கிறது, எங்கே பின்வாங்குகிறது என்று சொல்லும். அதோடு சேற்றின் உயரம், அலையின் அளவு, கடல்மட்டம் உயரும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்தால், ஒவ்வோர் இடத்திலும் காடு பிழைக்குமா என்று ஒரு கணிப்பு வரும். இந்தக் கணக்கைத்தான் மாடல் என்போம். பிழைப்பது பச்சை. சந்தேகம் மஞ்சள். போய்விடும் என்றால் சிவப்பு.

கணேசன் எங்கள் டிரோன் ஆள். முதலில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியனாக இருந்தான். பகுதி நேரமாகக் கிள்ளானில் கல்யாணங்களுக்கு டிரோன் வைத்து வீடியோ எடுப்பான். என் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் காற்றடிக்கும்போதும் டிரோனை ஆடாமல் நிறுத்தியிருந்ததைப் பார்த்துத்தான் நான் அவனை வேலைக்குக் கூப்பிட்டேன். மரத்தை விடக் கல்யாணப் பொண்ணுதான் ஈஸி, சொன்னபடி நிக்கும் என்பான்.

அன்று காலை மாடல் ஓடி முடிந்து வரைபடம் திரையில் விரிந்தது. தெற்குப் பக்கத்தில் ஒரு நீண்ட பட்டை முழுச் சிவப்பு. கணேசன் பெரிதாக்கினான்.

"அக்கா, இந்த லைன் பண்டுதானே?"

"ஆமா."

பண்டு என்பது கடல் உள்ளே வராமல் மண்ணால் போட்ட கரை. அதற்கு வெளியே கண்டல் காடு. உள்ளே செம்பனையும் வீடுகளும். உள்ளே இருக்கும் நிலம், கடல் ஏறும் நேரத்தில் கடலை விடத் தாழ்வு.

"அப்ப இது எங்க லோரோங்," என்றான். லோரோங் என்றால் சந்து. அவன் விரல் ஒரு நீலப் புள்ளியில் நின்றது. "இது எங்க வீட்டுக் கூரை. போன வருஷம்தான் அப்பா புது சிங்க் தகடு போட்டாரு."

அவன் அந்தப் பக்கத்துக்காரன் என்று எனக்குத் தெரியும். பண்டுக்கு அவ்வளவு அருகில் என்று தெரியாது.

காடு ஏன் போகிறது என்பதை அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல் உயர்ந்தால் கண்டல் மரம் மெல்ல மெல்ல மேட்டுப் பக்கம் நகரும். பின்னால் பண்டு இருந்தால் நகர இடமில்லை. முன்னால் கடல், பின்னால் கரை, நடுவில் மாட்டிக்கொண்டு சாகும். காடு போனபின் அலை நேராகப் பண்டில் மோதும். பண்டு வெறும் மண்.

கணேசன் வரைபடத்தை மறுபடி சிறிதாக்கினான்.

"மாடல் தப்பா இருக்க சான்ஸ் இருக்கா அக்கா?"

"இருக்கு. அந்த இடத்துல நம்ம உயர அளவு கம்மி. மறுபடி போய் அளக்கலாம்."

"நானே அளக்கிறேன்," என்றான்.

2. சேற்றில்

கடல் இறங்கியிருந்த ஒரு முற்பகலில் போனோம். பண்டின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் அவன் வீட்டு நீலக் கூரை, கொடியில் காயும் பள்ளிச் சட்டைகள். அந்தப் பக்கம் வெளுத்துப்போன மரங்கள். அப்பி-அப்பி என்று மலாயில் சொல்லும் கண்டல் மரம் அது. வேருக்கடியிலிருந்த சேற்றை அலை அரித்துக்கொண்டு போயிருந்தது. சில மரங்கள் வேரோடு சாய்ந்து, தலை பண்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தன.

உயரம் அளக்கும் கருவி ஒரு நீண்ட கம்பின் நுனியில் இருக்கும். கம்பைச் சேற்றின் மேல் நேராக வைக்க வேண்டும். ஒரு கையளவு உயர்த்திப் பிடித்தால் போதும், சேறு உயரமாக இருப்பதாகப் பதிவாகிவிடும். மாடலுக்கு அது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது. நான் பண்டின் மேல் டேப்லெட்டோடு நின்றேன், அவன் தொடை வரை சேற்றில் இறங்கியிருந்தான்.

அவன் ஒவ்வொரு புள்ளியிலும் கம்பை வைத்து, கம்பிலிருந்த மட்டம் பார்க்கும் குமிழ் நடுவுக்கு வரும் வரை காத்திருந்து, அதன்பின்தான் "ஓகே" என்று குரல் கொடுத்தான். சந்தேகமாக இருந்த இடங்களில் மறுபடி வைத்தான். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேரோடு களத்துக்குப் போயிருக்கிறேன். அன்று அவன் அளந்ததைப் போல ஒருவர் அளந்து நான் பார்த்ததில்லை.

அளவுகளை ஏற்றி மாடலை மறுபடி ஓட்டினோம். சிவப்பு மாறவில்லை. ஓரத்தில் மஞ்சளாக இருந்த சில கட்டங்களும் சிவப்பாகிவிட்டன.

கணேசன் டிரோனைப் பெட்டியில் வைத்தான். பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு, சாப்பிடக் கீழே இறங்கிப் போனான். திரும்பி வந்ததும் கேட்டான்.

"நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. நீங்க வந்து சொல்றீங்களா அக்கா?"

3. முனியாண்டி

கணேசனின் அப்பா முனியாண்டி லோரி ஓட்டியவர். பிறந்தது தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில். தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றபோது குடும்பத்தோடு வெளியேறி, கிள்ளானில் வாடகைக்கு இருந்து, ஓய்வு பெற்றதும் சேமநிதியை எடுத்து இந்த வீட்டை வாங்கியிருந்தார். சர்க்கரை வியாதி. இடது காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதைத் துணி சுற்றி ஸ்டூலில் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கணேசனின் மனைவி தேவி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

நான் டேப்லெட்டைக் காட்டி, முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தோட்டம் வித்தப்ப மேனேஜர் வந்தாரு," என்றார். "அவரு கையிலயும் இந்த மாதிரி ஒரு மேப் இருந்துச்சு. கலர் கலரா. எங்க லயம் எந்தக் கலர்ல இருக்குன்னு காட்டினாரு."

"அங்கிள், நான் காலி பண்ணச் சொல்லி வரல. கடல் வரப் போவுதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. எங்க போறதுன்னு சொல்லுவீங்களா?"

"ரிப்போட்ல எழுதுவேன். ஒங்களுக்கெல்லாம் வேற எடம் குடுக்கணும்னு எழுதுவேன்."

"எழுதுங்க." அவர் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஒங்க வீடு எங்கம்மா?"

"பங்சார்."

"மேடு," என்றார் அவர்.

குத்திப் பேசும் குரலில் சொல்லவில்லை. லோரி ஓட்டியவருக்கு ஊரின் ஏற்ற இறக்கங்கள் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் மீதி மைலோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து காரில் ஏறும்போது கணேசன் சொன்னான், "நான் வாடகைக்கு ஒரு வீடு பாக்கிறேன்னு சொல்லிட்டேன் அக்கா. நீ போ, நான் இங்கயே இருக்கேன்னு சொல்றாரு. கால் இப்படி இருக்கு, எப்படி விட்டுட்டுப் போறது?"

4. அறிக்கை

எங்களுக்கு வேலை கொடுத்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கடலோரப் பண்டுகளில் எதை முதலில் பலப்படுத்துவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு எங்கள் வரைபடம் தேவைப்பட்டது. அங்கே திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் சிவா என்பவர். பொறியியலாளர். படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் குறைவு.

அந்தத் தெற்குப் பகுதி பற்றி நான் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். முதல் பத்தி: காடு போவதால் பண்டை இதே இடத்தில் பலப்படுத்தினாலும் நிலைக்காது, காலப்போக்கில் பண்டை உள்ளே தள்ளிக் கட்டி, காட்டுக்கு இடம் விடுவதுதான் வழி. இரண்டாவது பத்தி: அங்கே குடியிருப்பவர்களை முதலில் வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டும், அதுவரை ஒவ்வொரு பருவமும் பழைய பண்டைப் பழுது பார்த்தே ஆக வேண்டும்.

ஏர்கான் குளிரும் அறையில் சிவா முதல் பத்தியில் விரலை வைத்தார்.

"ஸோ மிஸ் மலர், இந்த ஸ்ட்ரெட்ச்ல காசு போட்டா வேஸ்ட். அதானே சொல்றீங்க?"

"ரொம்ப நாள் நிக்காதுன்னு சொல்றேன். ஆனா ஆளுங்கள மாத்துற வரைக்கும் போட்டுத்தான் ஆகணும்."

"ஆளுங்கள மாத்துறது எங்க வேல இல்ல லா. அது ஹவுசிங் டிபார்ட்மெண்ட். எங்க ஸ்கோப் பண்டு மட்டும்தான்."

"ரெண்டையும் பிரிச்சா அர்த்தமே மாறிடும் மிஸ்டர் சிவா."

அவர் வரைபடத்தின் வடக்குப் பக்கத்தைக் காட்டினார். அங்கே மஞ்சள் பட்டை. "இங்க ஸ்கூல் இருக்கு. கிளினிக் இருக்கு. இந்தப் பண்டப் பலப்படுத்தினா நிக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டுக்கும் சேத்து பட்ஜெட் இல்ல. நீங்க என் எடத்துல இருந்தா எத விடுவீங்க?"

 அவர் கேட்டது நேர்மையான கேள்வி.

சில வாரங்கள் கழித்து இறுதிச் சுருக்கம் வந்தது. மேலிடத்தில் உள்ளவர்கள் படிப்பது அந்தச் சுருக்கத்தை மட்டும்தான். தெற்குப் பகுதிக்கு எதிரே ஒரே வரி: பழுதுபார்ப்பு பரிந்துரைக்கப்படவில்லை. ஆதாரம் என்று எங்கள் கம்பெனியின் பெயர். இரண்டாவது பத்தி முழு அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்தது.

நான் சிவாவுக்கு எழுதினேன். அவருக்கு மேலே இருந்தவருக்கு எழுதினேன். எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன். "ரிப்போட் அவங்க சொத்து மலர். நம்ம எழுதிக் குடுத்தாச்சு. அவங்க எப்படி யூஸ் பண்ணணும்னு நம்ம சொல்ல முடியாது," என்றார் அவர். மேலே இருந்தவரிடமிருந்து, உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது.

கணேசன் சுருக்கத்தைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"நம்ம பேரப் போட்டிருக்காங்க அக்கா."

"பாத்தேன்."

"அப்பா நியூஸ்பேப்பர் படிப்பாரு. இதெல்லாம் பேப்பர்ல வருமா?"

"வராது."

"அப்ப சரி," என்று போய்விட்டான்.

அவன் சும்மா இருந்துவிடவில்லை. லோரோங்கில் உள்ளவர்களைக் கூட்டி, வட்டாரப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போனான். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் போய் மறுபடி வரைபடத்தைக் காட்டினேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள், இரண்டாவது பத்தியைச் சொன்னேன். யார் செய்வார்கள் என்று கேட்டார்கள். அது எனக்கே தெரியவில்லை. கடைசியில் பிரதிநிதி மணல் மூட்டைகள் அனுப்பி வைத்தார். சனி, ஞாயிறுகளில் எல்லாருமாகச் சேர்ந்து அவற்றைப் பண்டின் மேல் அடுக்கினார்கள்.

5. தண்ணீர்

வருடக் கடைசியில் கடல் மிக உயரமாக ஏறும் நாட்கள் உண்டு. அவை எப்போது என்று முன்கூட்டியே தெரியும். காற்று சேர்ந்துகொள்ளுமா என்பதுதான் தெரியாது. அந்தக் காலை கணேசனும் நானும் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு தீவின் கண்டல் காட்டில் இருந்தோம். இன்னொரு வாடிக்கையாளரின் வேலை. தெற்குப் பக்கம் காற்று இருக்கும் என்று அன்றைய முன்னறிவிப்பில் இல்லை. காட்டின் ஓடைக்குள் போன் சிக்னல் கிடையாது.

படகு ஓடையை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அதிர ஆரம்பித்தன. கணேசன் திரும்பக் கூப்பிட்டான். தேவியின் குரல் எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"பண்டு ஒடஞ்சிருச்சுங்க. தண்ணி வீட்டுக்குள்ள இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. புள்ளைங்கள பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்பிட்டேன். அப்பாவ மேச மேல ஒக்கார வச்சிருக்கேன். அவரத் தூக்க முடியல."

"கால்? காலு நனைஞ்சுதா?"

தேவி பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

நாங்கள் கரை சேர்ந்து, காரில் தெலுக் பங்லிமா காராங் தாண்டியதும் சாலையில் போலீஸ் தடுப்பு. காரை அங்கேயே விட்டுவிட்டுச் செம்பனைக்கு நடுவே நடந்தோம். முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது, கோழிகள் மிதந்தன, மணல் மூட்டைகளின் வெற்றுப் பைகள் மிதந்தன. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் முனியாண்டியை ஒரு சம்பான் படகில் ஏற்றிக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உயிரோடு இருந்தார். காலில் சுற்றியிருந்த துணி கறுத்துப்போயிருந்தது. கணேசன் அவர் முன்னால் மண்டியிட்டு அந்தத் துணியை அவிழ்த்தான்.

"கடுதாசி எல்லாம் எடுத்திட்டியா?" என்று கேட்டார் அவர். வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்டார்.

"எடுத்தாச்சுப்பா," என்றான் கணேசன். எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

புண்ணில் கிருமி ஏறிவிட்டது. கிள்ளான் மருத்துவமனையில் முதலில் பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். வீட்டுக்குள் கடல் தினமும் இரண்டு முறை வந்து போனதால் திரும்பிப் போக வழியில்லை. மலிவு அடுக்குமாடி ஒன்றில் உயரத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. முனியாண்டி அங்கே ஏறியபின் கீழே இறங்கவே இல்லை. அடுத்த தீபாவளிக்கு முன்பு அவர் இறந்தார்.

சாவுக்குச் சிவா வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியிலேயே நின்றார். நான் போய்ப் பேசினேன்.

"நான் ஹவுசிங்குக்கு மெமோ அனுப்பினேன் மலர். ரிப்ளை வரல," என்றார். கிளம்பும்போது, "அப்புறம் நானும் கேக்கல," என்றார்.

வடக்கே பலப்படுத்திய பண்டு அந்தக் காலையில் தாங்கியது. பள்ளிக்கூடம் நனையவில்லை. அதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும்.

6. புதிய பச்சை

உடைந்த பண்டை யாரும் திரும்பக் கட்டவில்லை. அந்த லோரோங்கில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சிலருக்கு வாடகை உதவி கிடைத்தது, சிலருக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

சில வருடங்கள் கழித்து வரைபடத்தைப் புதுப்பிக்கும் வேலை மறுபடி எங்களுக்கே வந்தது. கணேசனை வேறு திட்டத்துக்கு மாற்றுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றான். அங்கே வேறு யாராவது போய் டிரோனைப் பறக்கவிடுவதை விட நானே விடுகிறேன் என்றான்.

மாடல் ஓடியது. கரை முழுக்கப் பல இடங்களில் சிவப்பு கூடியிருந்தது. தெற்கில் ஒரே ஓர் இடத்தில் புதிதாகப் பச்சை. பண்டு உடைந்த வழியாகக் கடல் உள்ளே வந்து போகும்போது சேற்றையும் கண்டல் விதைகளையும் கொண்டுவந்து போட்டிருந்தது. நாங்கள் முன்பு எழுதியபடியே, இடம் கிடைத்ததும் காடு உள்ளே நகர்ந்திருந்தது.

மாடல் சொல்வது சரியா என்று டிரோன் படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆள் அடையாளம் போட வேண்டும். கணேசன் என்னைக் கூப்பிட்டான். திரையில் கூரை இல்லாத சுவர்கள். சுவர்களுக்கு நடுவே அப்பி-அப்பிக் கன்றுகள்.

"இது எங்க கிச்சன் அக்கா," என்றான். "கன்னு நல்லா வந்திருக்கு. கெயின்னு போடவா?"

கெயின் என்றால் எங்கள் கணக்கில் காடு கூடிய இடம்.

"செடி இருக்குதுன்னா போட்டுத்தான் ஆகணும் கணேசா."

"இருக்கு," என்றான். டைப் செய்தான். அடுத்த கட்டத்துக்குப் போனான். அது அவர்கள் முன்வாசல். அதற்கும் அதையே போட்டான். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்து முகம் கழுவப் போனான்.

வாடிக்கையாளருக்கு அந்தப் பச்சை மிகவும் பிடித்துப்போயிற்று. இந்த முறை அங்கே இருந்தவர் சிவா இல்லை, புதிதாக வந்த ஓர் அதிகாரி. முதல் பக்கத்திலேயே அந்தப் படத்தைப் போடலாம் என்றார். நானும் கணேசனும் அந்தப் பச்சையை இரண்டாகப் பிரித்தோம். வெறும் சேற்றில் முளைத்த காடு ஒரு நிறம். வீடுகள் இருந்த இடத்தில் முளைத்த காடு வேறொரு நிறம், அதற்குத் தனிப் பெயர். இரண்டையும் சேர்த்துவிடச் சொன்னார் அவர். படம் சிம்பிளாக இருக்கும் என்றார். சேர்த்தால் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் இயக்குநர் அன்று என்னைத் தடுக்கவில்லை. அந்த நிறம் வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் முதல் பக்கத்தில் அந்தப் படம் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் மாடலைப் பற்றிக் கேட்பார்கள். எந்த முறை நல்லது, எத்தனை வருடப் படங்கள் வேண்டும் என்று. அதெல்லாம் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்வது வேறு. ஓர் இடத்தைக் கடலுக்கு விட்டுவிடலாம் என்று எழுத வேண்டி வந்தால், அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் எழுதாதீர்கள். அடுத்த பத்தியை வெட்டிவிடுவார்கள்.